“லாஸ்ட் எவ்வளவுக்கா?” – சொந்த காரை விற்கும்போது பேரம்

கேள்வி: எங்களிடம் 2017 மாடல் வேகன் ஆர் இருக்கிறது. பெட்ரோல் வண்டி, சிங்கிள் ஓனர், 61 ஆயிரம் கி.மீ. ஓடியிருக்கிறது. ஆர்.சி. என் பெயரில். கணவர் கப்பலில் வேலை செய்வதால் நான்தான் விற்க வேண்டும். 3,40,000 என்று விளம்பரம் போட்டேன். ஃபோன் செய்கிறவர்கள் எல்லாம் எடுத்த எடுப்பிலேயே “லாஸ்ட் எவ்வளவுக்கா?” என்கிறார்கள். ஒருவர் மெக்கானிக்கோடு நேரில் வந்து, டயர் போச்சு, பெயின்ட் போச்சு என்று சொல்லி 2,50,000 கேட்டுவிட்டுப் போனார். நான் என்ன பதில் சொல்வது, எதுவரை இறங்குவது? – வாசகி, கொடுங்கையூர்

பதில்: முதலில் ஃபோன். வண்டியைப் பார்க்காதவருக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். ஃபோனில் 3,20,000 என்று சொல்லிவிட்டால், நேரில் வருகிறவர் அங்கிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார். நீங்கள் விட்டுக்கொடுத்த 20 ஆயிரம் அவர் கணக்கிலேயே வராது. “வந்து பாருங்க, ஓட்டிப் பாருங்க, பிடிச்சிருந்தா உட்கார்ந்து பேசலாம்” என்பது போதும். “ஃபைனல் சொன்னாத்தான் வருவேன்” என்று பிடிவாதம் பிடிப்பவர் பெரும்பாலும் கைமாற்றி விற்பவர். ஒரே நாளில் பத்து வண்டிக்கு ஃபோன் போட்டு, யார் அவசரத்தில் இருக்கிறார்கள் என்று பார்ப்பார். அவருக்காக நீங்கள் அவசரப்பட வேண்டியதில்லை.

அடுத்தது, உங்கள் மனதில் எத்தனை விலை இருக்கிறது என்பது. மூன்று வேண்டும்: சொல்லும் விலை, கிடைத்தால் சந்தோஷப்படும் விலை, அதற்குக் கீழே போனால் கொடுக்க மாட்டேன் என்கிற விலை. மூன்றாவதைத் தாளில் எழுதி வையுங்கள், கணவரிடமும் சொல்லிவிடுங்கள். எதிரில் ஒருவர் கட்டுப் பணத்தை எடுத்துக் காட்டும்போது மனம் தடுமாறும். எழுதி வைத்த எண் தடுமாறாது.

அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய கார் வாங்கும் கம்பெனிகள் இரண்டிடம் வண்டியைக் காட்டி விலை கேளுங்கள். அவர்கள் லாபம் வைத்து விற்க வேண்டும் என்பதால் அவர்கள் தரும் விலை குறைவாகத்தான் இருக்கும். அதுதான் உங்கள் தரை. அவர்கள் 2,85,000 சொன்னால், வீட்டு வாசலில் வந்து 2,50,000 கேட்பவரிடம் பேசவே தேவையில்லை. பிறகு இதே மாடல், இதே வருடம், இதே எரிபொருள், சிங்கிள் ஓனர் வண்டிகளுக்கு இணையத்தில் என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அது கேட்கும் விலைதான், விற்ற விலை அல்ல. பல வாரமாக விற்காமல் கிடக்கும் விளம்பரத்தை உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு விஷயம்: தேடுகிறவர்கள் “3 லட்சத்துக்குள்” என்று முழு எண்ணாகத்தான் வடிகட்டுகிறார்கள். 3,05,000 போட்ட வண்டி அவர்கள் கண்ணிலேயே படாது.

இனி நேருக்கு நேர் பேசும் இடம். நான் கடைப்பிடிக்கச் சொல்வது ஒன்றுதான்: காரணம் காட்டினால் குறையுங்கள், காரணம் இல்லாமல் குறைக்காதீர்கள். “பார்த்துப் போட்டுக் கொடுங்கக்கா” என்பது காரணம் அல்ல. தேய்ந்த டயர் காரணம்தான். ஆனால் அந்தக் காரணத்துக்கு என்ன விலை என்பதை நீங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

டயரையே எடுத்துக்கொள்வோம். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2219 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 22-வது வாரத்தில் தயாரானது. வந்த மெக்கானிக் குனிந்து பார்த்தது அதைத்தான். நான்கையும் நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். முன் டயர் இரண்டு மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் பேச்சு இரண்டு டயருக்குத்தான், நான்குக்கு அல்ல. உங்கள் தெருமுனை டயர் கடையில் இரண்டு டயரின் விலையைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த முழுத் தொகையையும் கழிக்கவும் வேண்டாம். அவர் வாங்குவது பழைய வண்டி, அதில் ஓரளவு ஓடிய டயர்தான் இருக்கும் என்று அவருக்கும் தெரியும். பாதியைக் கழித்தால் நியாயம். மெக்கானிக் “20 ஆயிரம் செலவு இருக்கு” என்று மொத்தமாகச் சொல்லும்போது, “எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லுங்க” என்று கேளுங்கள். பிரிக்கும்போதே பாதி கரைந்துவிடும்.

இன்ஷூரன்ஸ் பேப்பரைக் காட்டி, “இதிலேயே வண்டி மதிப்பு 2,20,000-தானே போட்டிருக்கு” என்பார்கள். அந்த ஐ.டி.வி. எண், வண்டி முழுதாக நாசமானாலோ திருடு போனாலோ கம்பெனி தர ஒப்புக்கொண்ட தொகை. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு அதை இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். பிரீமியம் குறையட்டும் என்று பலர் அதைக் குறைத்தே போடுகிறார்கள். அது சந்தை விலை அல்ல.

“புது வண்டியே விலை குறைஞ்சிருச்சே” என்றால், அது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது, அதன் மேலிருந்த செஸ்ஸும் போனது. பழைய வண்டி விலையையும் அது கீழே இழுத்தது. ஆனால் நீங்கள் இப்போதைய விளம்பரங்களைப் பார்த்துத்தான் விலை போட்டீர்கள் என்றால், அந்தக் குறைவு ஏற்கெனவே உங்கள் விலைக்குள் வந்துவிட்டது. இரண்டாவது முறை கழிக்க வேண்டாம்.

2,50,000 கேட்டவருக்கு 3,10,000 என்று பதில் எண் சொல்லியிருந்தால் தவறு. “நடுவில் வெச்சுக்கலாம்” என்று 2,80,000-த்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். அடிமாட்டு விலைக்குக் கேட்பவரிடம், “அந்த விலைக்கு எனக்குப் படியாது. யோசிச்சு வேற சொல்லுங்க” என்று மட்டும் சொல்லி, அவரை முதலில் ஏறவையுங்கள். அவர் ஏறிய பிறகு நீங்கள் இறங்கலாம், ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிடச் சின்ன படியாக. 3,40,000, 3,25,000, 3,18,000, 3,15,000 என்று வந்தால் அடி நெருங்கிவிட்டது என்று அவருக்கே புரியும். பத்துப் பத்தாயிரமாக இறங்கினால் இன்னும் ஒரு பத்து இருக்கும் என்றுதான் நினைப்பார். விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த அமைதி சங்கடமாக இருக்கிறதே என்று நாமே இன்னொரு ஐயாயிரத்தை விட்டுவிடுகிறோம்.

வண்டி காட்டும் நேரத்தில் அண்ணனையோ தெரிந்த மெக்கானிக்கையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பேசுவது நீங்களாகவே இருக்கட்டும். ஓட்டிப் பார்க்கிறவரின் லைசென்ஸை முதலில் பாருங்கள், உங்கள் ஆள் ஒருவர் கூடவே உட்காரட்டும். மூலக்கடை நெரிசலில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. மாதவரம் – ரெட்டேரி 200 அடி சாலையில் காலை வேளையில் ஓட்டச் சொல்லுங்கள். இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் வந்ததும் பானெட்டில்தான் கை வைப்பார். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறீர்கள் என்று நினைப்பார்.

வங்கிக் கடன் முடிந்தும் ஆர்.சி.யில் வங்கி பெயர் நீங்காமல் இருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றோடு படிவம் 35 கொடுத்து அதை முதலில் நீக்குங்கள். கட்டாத அபராதம் இருந்தால் கட்டிவிடுங்கள். இரண்டாவது சாவி, சர்வீஸ் பில்கள் எல்லாம் ஒரு கவரில் இருக்கட்டும். இவையெல்லாம் சில நூறு ரூபாய் வேலை. பேரத்தில் ஒவ்வொன்றுக்கும் பல ஆயிரம் கழிப்பார்கள்.

கேள்வி: கடலோரமாக வீடு. வண்டியின் அடியில் துரு இருக்கிறது. மிக்ஜாம் புயலின்போது வாசலில் தண்ணீர் டயர் பாதி அளவுக்கு நின்றது, உள்ளே வரவில்லை. வாங்க வருகிறவரிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டுமா? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: சொல்லுங்கள், அவர் கேட்பதற்கு முன்னால் சொல்லுங்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு வட சென்னை முகவரியைப் பார்த்ததுமே எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி புயல் தண்ணீரைப் பற்றித்தான். “தண்ணி நின்னது, உள்ளே வரலை, பாருங்க” என்று சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் காட்டுங்கள். தண்ணீர் ஏறிய வண்டியில் பெல்ட்டின் அடி நுனியில் சேற்றுக் கறை தங்கிவிடும், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போவது கஷ்டம். பிறகு கால்மிதிக்குக் கீழே உள்ள கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டுங்கள். ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைக் காட்டுங்கள். மூன்றும் சுத்தமாக இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அதற்காக ஒரு ரூபாயும் கழிக்க வேண்டியதில்லை.

துரு வேறு விஷயம். உப்புக்காற்றில் சைலென்சரும் கதவின் அடி விளிம்பும் துருப்பிடிப்பது நம் பகுதியில் சகஜம். மேலோட்டமான துருவா, தகடு ஓட்டை விழுந்ததா என்பதுதான் கேள்வி. வாட்டர் வாஷ் கடையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் படம் எடுத்து வையுங்கள். ஓட்டை இருந்தால் டிங்கரிங் செலவைக் கேட்டு, அதை விலையில் கழித்துவிடுங்கள். மேலே பெயின்ட் அடித்து மறைத்து விற்காதீர்கள். தெரிந்தே ஒரு குறையை மூடி மறைப்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மோசடி, வாங்கியவர் விற்பனையையே ரத்து செய்யக் கேட்கலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த வண்டியில் இன்னொரு குடும்பம் குழந்தைகளோடு போகப் போகிறது.

கேள்வி: சொந்தக்காரர் ஒருவர் என் காரைக் கேட்கிறார். பாதி இப்போது, பாதி மூன்று மாதத்தில் என்கிறார். மறுக்க முடியவில்லை. – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உறவுக்காக விலையைக் குறைக்கலாம். தவணைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். “உங்களுக்காக 15 ஆயிரம் குறைச்சுக்கறேன் மாமா, பணம் மட்டும் மொத்தமா வேணும்” என்று சொல்லுங்கள். பணம் போதவில்லை என்றால் பழைய காருக்கும் வங்கிகள் கடன் தருகின்றன. பாக்கியைக் கேட்டுப் போய் நிற்கும் நாளில்தான் உறவு கெடும்.

கேள்வி: என் 2014 மாடல் வண்டிக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒரு புரோக்கர் 2,10,000 ரொக்கமாகத் தருகிறார், ஃபாரத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், பெயர் மாற்றம் அப்புறம் என்கிறார். இன்னொருவர் பள்ளி ஆசிரியர், 1,98,000 தருகிறார், உடனே பெயர் மாற்றிக்கொள்கிறேன் என்கிறார். 12 ஆயிரத்தை விடுவதா? – வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: விடுங்கள். ஆசிரியருக்கே கொடுங்கள்.

கையெழுத்துப் போட்ட வெறும் ஃபாரம் கைமாறிக்கொண்டே இருக்கும். வண்டி யாரிடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, ஆர்.சி.யில் இருப்பதோ உங்கள் பெயர். சிக்னல் மீறிய அபராதம் உங்கள் ஃபோனுக்கு வரும். விபத்து நடந்தால்? பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கிலும் வண்டி பல கை மாறியிருந்தது, பதிவு மட்டும் மாறவில்லை. அதனால் பெயர் மாற்றத்தையும் பேரத்தின் ஒரு பகுதியாகவே வையுங்கள். உங்களோடு ஆர்.டி.ஓ. வேலையை முடித்துத் தருகிறவருக்கு ஐந்தோ பத்தோ குறைத்துக் கொடுப்பது நஷ்டமே இல்லை.

ரொக்கத்திலும் சிக்கல் இருக்கிறது. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அபராதம் விழுவது வாங்கிய உங்கள் மேல்தான், அதுவும் வாங்கிய தொகை அளவுக்கு. வங்கி வழியாக வாங்குங்கள், பணம் கணக்கில் ஏறியதை உங்கள் ஃபோனில் நீங்களே பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். அவர் ஃபோனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அது உங்கள் கடமை, அவரை நம்பி விடாதீர்கள். புரோக்கரிடமே கொடுத்தாக வேண்டும் என்றால், அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று பெற்ற டீலரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் பதிவு செய்ய வழி இருக்கிறது. பிறகு வண்டிக்குப் பொறுப்பு அவர்தான்.

கிளைம் எதுவும் செய்யாததால் சேர்ந்த நோ கிளைம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல. “இன்ஷூரன்ஸோட அதுவும் சேர்த்துத்தானே” என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்தால் 3 ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காரின் பிரீமியத்தில், சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதி மட்டும், அதிகபட்சம் 50 சதவீதம் வரை குறையும்.

கேள்வி: விலை முடிந்து 5,000 அட்வான்ஸ் தந்தவர், நாலு நாள் கழித்து வந்து இன்னும் 10 ஆயிரம் குறைக்கச் சொல்கிறார். – வாசகர், பெரம்பூர்

பதில்: குறைக்காதீர்கள். நாலு நாள் நீங்கள் வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததால்தான் அவருக்குத் தைரியம் வந்திருக்கிறது. “பேசின விலைன்னா இன்னிக்கே எடுத்துக்குங்க, இல்லைன்னா அட்வான்ஸைத் திருப்பிடறேன்” என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். அந்த 5,000-க்காகச் சண்டை வேண்டாம். அடுத்தவரிடம் அட்வான்ஸ் வாங்கும்போது வண்டி எண், முடிந்த விலை, மீதியைத் தர வேண்டிய தேதி, அந்தத் தேதி தாண்டினால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வண்டியை ஒப்படைக்கும் அன்று டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் குறியுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை உரித்துவிட்டு, வங்கியில் சொல்லி அந்தக் கணக்கையும் மூடிவிடுங்கள்.