ஜிஆர்பிசி-யில் (ஒரு புரோகிராம் இன்னொரு சர்வரில் இருக்கும் ஃபங்ஷனை அழைக்கும் முறை) எரர் 14, சில நேரம் 4 வருகிறது. ஆனால் லாக்கில் எச்டிடிபி 200, அதாவது ‘எல்லாம் சரி’, என்று இருக்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம். ஜிஆர்பிசி-யில் அழைப்பு சர்வர் வரை போய்விட்டால், உள்ளே வேலை சொதப்பினாலும் எச்டிடிபி 200 தான் வரும். நிஜ முடிவு பதிலின் வாலில், டிரெய்லரில், தனி எண்ணாக இருக்கும். சாதாரண டேஷ்போர்டுக்கு அது தெரியாது. எங்களுடையதும் ரொம்ப நாள் பச்சைப் பசேலென்று தான் இருந்தது.

மொத்தம் 17 எண்கள், 0 முதல் 16 வரை. மனப்பாடம் பண்ண வேண்டாம். நான் முதலில் பார்ப்பது, இந்த எண்ணைப் போட்டது யார் என்று தான். 3, 5, 6, 9 எல்லாம் லைப்ரரி தானாகப் போடாது. சர்வரில் யாரோ ஒரு டெவலப்பர் யோசித்துப் போட்டது. 2 வந்தால் யாரும் யோசிக்கவில்லை என்று அர்த்தம். கோ மொழியில் வெறும் எரரை அப்படியே திருப்பி அனுப்பினால் இதுதான் வரும். 12 என்றால் ‘அப்படி ஒரு மெத்தட் இங்கே இல்லை’. அது வந்தால் மெத்தட் பெயரைப் பாருங்கள், நடுவில் இருக்கும் பிராக்ஸி 404 அனுப்பியதா என்றும் பாருங்கள்.

14 என்றால் ‘அன்அவைலபிள்’, சர்வர் இப்போது கிடைக்கவில்லை. உங்கள் 14-ஐப் பெரும்பாலும் உங்கள் கிளையண்ட் லைப்ரரியே போட்டிருக்கும். அப்படியென்றால் சர்வர் லாக்கில் அந்த அழைப்பின் தடயமே இருக்காது. எங்களுக்கு மதிய சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் அழைப்பு மட்டும் விழும், அடுத்தது ஜம்மென்று போகும். இரண்டு நாள் சர்வர் கோடையே நோண்டினோம். கடைசியில் பார்த்தால், நடுவில் இருந்த லோட் பேலன்சர் (அழைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) 350 விநாடி சும்மா கிடந்த இணைப்பைச் சத்தமில்லாமல் கைகழுவிவிடுகிறது.

சரி என்று கீப்அலைவை, அதாவது இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது பிங் அனுப்பித் தட்டிப் பார்ப்பதை, 10 விநாடிக்கு வைத்தேன். இன்னும் மோசம்! கோ சர்வரின் இயல்பு அமைப்பில் 5 நிமிடத்துக்கு ஒரு பிங்குக்கு மேல் வந்தால் பொறுக்காது. ‘டூ மெனி பிங்ஸ்’ என்று சொல்லி இணைப்பையே முறித்துவிடும். அழைப்பு எதுவும் ஓடாத நேரத்துப் பிங்கைத் தனியாக அனுமதிக்கவும் வேண்டும், கிளையண்டிலும் சர்வரிலும். இரண்டு பக்கமும் அதைத் திறந்துவிட்டு, சர்வர் வரம்பை 1 நிமிடமாகக் குறைத்து, பிங்கை 2 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்த பிறகுதான் நின்றது.

4, அதாவது ‘டெட்லைன் எக்ஸீடட்’, வேறு சமாச்சாரம். காத்திருந்து காத்திருந்து கிளையண்ட் கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். சர்வர் வேலையை முடித்திருக்கலாம், முடிக்காமலும் இருக்கலாம். இது புரியாமல் 4-க்கும் ரீட்ரை போட்டு, ஒரே ஆர்டருக்கு ஸ்டாக்கில் இரண்டு முறை கழித்த புண்ணியவான் நான். இப்போது ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் அனுப்புகிறோம். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே கொடுத்துவிடும்.

இன்னொன்று. கிளையண்டில் ‘வெயிட் ஃபார் ரெடி’ போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால், இணைப்பே கிடைக்காத அழைப்பு உடனே 14 என்று விழாமல் டெட்லைன் வரை வரிசையில் நின்று 4 ஆக வரும். இரண்டும் உங்களுக்குக் கலந்து வருவதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது. 14-உடன் வரும் எரர் வரியை முழுசாக இங்கே போடுங்கள். ‘கனெக்‌ஷன் ரிஃப்யூஸ்டு’ என்றால் ஒரு கதை, ‘கனெக்‌ஷன் ரீசெட்’ என்றால் வேறு கதை.