புது பவர் மெஷின்ல பழைய ஆர்பிஜி ப்ரோக்ராம் ஏன் ஸ்லோவா ஓடுது?

ஐபிஎம்மோட பழைய பிசினஸ் கம்ப்யூட்டரான ஏஎஸ்/400ல வருஷக்கணக்கா ஓடுன, ஆர்பிஜி மொழில எழுதுன ப்ரோக்ராமெல்லாம் ஐபிஎம்மோட புது பவர் மெஷினுக்கு மாத்துனதும் நைட் பேட்ச், அதாவது ராத்திரி மொத்தமா ஓடுற வேல, முன்ன விட லேட்டாகுது, மெஷின் சின்னதா வாங்கிட்டோமான்னு கேட்ருக்கீங்க. இன்னொரு ப்ராசஸருக்கு காசு கட்டுறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு ஃபைல் எத்தன தடவ ஓப்பன் ஆகுதுன்னு பாருங்க.

முதல் நாள் மட்டும் ஸ்லோன்னா அது வேற. 2008ல வந்த வி6ஆர்1ங்கிற ஆபரேட்டிங் சிஸ்டம் வெர்ஷனுக்கு முந்தின ரிலீஸ்ல கம்பைல் பண்ண ப்ரோக்ராமெல்லாம் ஒருதடவ கன்வர்ட் ஆகணும், ரீஸ்டோர்லயே ஆகலன்னா முதல் கால்ல ஆகும், அவ்ளோதான்.

தினமும் ஸ்லோன்னா நான் பட்டத சொல்றேன். ஒரு மொத்த வியாபார கம்பெனிக்கு மாத்திக் குடுத்தோம், ரெண்டு மணி நேரத்துல முடியுற பில்லிங் ஜாப் விடிஞ்சும் முடியல, லாரி வந்து நிக்குது, கைல இன்வாய்ஸ் இல்ல. பில்லுல ஒவ்வொரு லைனுக்கும் விலை எடுக்க ஒரு குட்டி ப்ரோக்ராம கால் பண்ணுது. அத எழுதுன புண்ணியவான் 'வேல முடிஞ்சுது, எல்லாத்தையும் மூடு'ன்னு சொல்ற எல்ஆர் இண்டிகேட்டர ஆன் பண்ணாம வெறும் ரிட்டர்ன் போட்டிருந்தாரு, அதனால ஃபைலெல்லாம் திறந்தே கெடக்கும், அடுத்த கால் வந்ததும் நேரா ரெக்கார்ட படிச்சிடும், எவ்ளோ அழகா யோசிச்சிருக்காரு பாருங்க. நாங்க புது வெர்ஷனான ஆர்பிஜி ஃபோருக்கு மாத்துறப்ப ஆக்டிவேஷன் க்ரூப்ப, அதாவது ஜாபுக்குள்ள ப்ரோக்ராமும் அது திறந்த ஃபைலும் இருக்குற தனி இடத்த, ஸ்டார் நியூன்னு (*NEW) விட்டுட்டோம். அப்படி விட்டா ஒவ்வொரு காலுக்கும் புதுசா ஒரு க்ரூப் உருவாகும், ரிட்டர்ன் ஆனதும் அது அழியும், அதோட சேந்து ஃபைலும் மூடிரும். லாஜிக்ல ஒரு வரி கூட மாறல, ஆனா ஒவ்வொரு லைனுக்கும் எல்லா ஃபைலையும் திறந்து மூடுது. எவ்ளோ பெரிய மெஷினா இருந்தாலும் இதுக்கு தாங்காது.

விலை ப்ரோக்ராம், அத கூப்பிடுற ப்ரோக்ராம் ரெண்டையும் பேர் வச்ச ஒரே க்ரூப்ல போட்டு திரும்ப கட்டினோம், அன்னிக்கு ராத்திரியே ஜாப் நேரத்துக்கு முடிஞ்சுது. எல்லாத்தையும் ஸ்டார் காலர்னு (*CALLER, கூப்பிடுற ப்ரோக்ராமோட க்ரூப்லயே ஓடுறது) போட்டுடலாம்னு சிலர் சொல்வாங்க, கூப்பிடுறது பழைய ஆர்பிஜி த்ரீ ப்ரோக்ராமா இருந்தா நம்ம புது ப்ரோக்ராம் ஜாபோட சேந்தே வர்ற டிஃபால்ட் க்ரூப்ல போய் உக்காந்துக்கும், அப்புறம் ரிக்ளெய்ம் (மிச்சம் கெடக்குறத விடுவிக்கிற கமாண்ட்) பண்றப்ப ஒழுங்கா க்ளீன் ஆகாது, அதனால நான் அத பண்ண மாட்டேன்.

உங்க ஜாப்ல இதே கோளாறுதானான்னு பாக்கணும்னா, ஜாப் ஓடுறப்ப டிஸ்ப்ளே ஜாப் (DSPJOB) கமாண்டுக்கு போயி ஆப்ஷன் 14, ஓப்பன் ஃபைல்ஸ் எடுத்து எஃப்5 அடிச்சுக்கிட்டே இருங்க. ஐ/ஓ கவுண்ட், அதாவது ஃபைல எத்தன தடவ படிச்சுது, எழுதுச்சுங்கிற எண்ணிக்கை, ஏறிட்டே போனா ஃபைல் திறந்தே இருக்கு. சின்ன நம்பர்லயே நின்னாலோ, ஃபைல் லிஸ்ட்ல வந்து வந்து காணாம போனாலோ, அந்த ஃபைல திறக்குற ப்ரோக்ராமோட ஆக்டிவேஷன் க்ரூப்பயும் எல்ஆரையும் முதல்ல பாருங்க.