பேஸ் கிட்டாரில் சிந்தசைசர் நாதம்: 1970களின் ஃபங்க் ஒலி பற்றிய கேள்வி பதில்

பழைய ஃபங்க் (அமெரிக்கக் கருப்பினத்தவரின் தாளம் மிகுந்த நடன இசை) இசையில் சிந்தசைசரோ (மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கருவி) என்று ஐயுற வைக்கும் பேஸ் கிட்டார் ஒலியை இன்று எப்படி உருவாக்குவது என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒரே பொருளைக் கேட்ட கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. ஒவ்வொரு சுரமும் வாய் திறந்து மூடுவது போல ஒலிக்கிறதே, அது உண்மையில் கிட்டாரா, சிந்தசைசரா?

பதில்: இரண்டும் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கருதிக்கொண்டு தேடுவதால்தான் பலருக்கு நினைத்த ஒலி கிடைப்பதில்லை. 1970களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் வாசித்து, பின்னர் ஜார்ஜ் கிளின்டனின் பார்லிமென்ட், ஃபங்கடெலிக் குழுக்களில் சேர்ந்த பூட்ஸி காலின்ஸ், தம் பேஸ் கிட்டாரை ம்யூ-ட்ரான் 3 என்னும் பெடல் (ஒலியை மாற்றும், காலால் இயக்கும் சிறு பெட்டி) வழியாக வாசித்தார். அமெரிக்காவின் மியூசிட்ரானிக்ஸ் நிறுவனத்துக்காக மைக் பைகல் வடிவமைத்த அந்தப் பெடல் ஓர் என்வலப் ஃபில்டர், அதாவது ஒலியின் மேல் அதிர்வுகளை வெட்டும் வடிகட்டி. நாம் தந்தியை மீட்டும் வலிமைக்கேற்பத் தானே திறந்து மூடும். ரப்பரைப் போல இழுபடும் அந்த நாதம் கிட்டாரிலிருந்து வந்ததே. ஆனால் பார்லிமென்ட் குழு 1977இல் வெளியிட்ட ஆல்பத்தில் உள்ள ‘ஃப்ளாஷ் லைட்’ பாடலின் பேஸை, பெர்னி வொரெல் மினிமூக் சிந்தசைசரில் வாசித்தார். முதல் வகைக்கு ஃபில்டர் ஒன்றே போதும். இரண்டாம் வகைக்குக் கீழ் ஸ்தாயியைச் சேர்க்கும் ஆக்டேவரும், ஒலியைக் கரடாக்கும் ஃபஸ்ஸும், அவற்றின் பின் ஃபில்டரும் வேண்டும்.

கேள்வி: கையில் ஒரு பெடல் வாங்கும் அளவுக்குத்தான் பணம் இருக்கிறது. எதை வாங்கலாம், அண்ணா?

பதில்: என்வலப் ஃபில்டர். ஆக்டேவர் மட்டும் இருந்தால் கனமான பேஸ் கிடைக்கும், சிந்தசைசர் கிடைக்காது.

கேள்வி: ஃபில்டர் வாங்கிவிட்டேன். சில சுரங்களில் திறக்கவே இல்லை, சிலவற்றில் மூடவே இல்லை. பெடலில் பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது, சென்சிட்டிவிட்டி அல்லது கெய்ன் என்று பெயரிட்ட குமிழ் உங்கள் கிட்டாருக்கும் கைக்கும் பொருந்தாமல் இருக்கிறது. ஆக்டிவ் பிக்அப் (பேட்டரியில் இயங்கும் ஒலி வாங்கி) உள்ள கிட்டாரின் மின் சமிக்ஞை வலுவானது. அதனால் மெல்ல மீட்டினாலும் ஃபில்டர் முழுக்கத் திறந்து அப்படியே நின்றுவிடும். முதலில் லோ-பாஸ் (தாழ்ந்த அதிர்வுகளை மட்டும் விடும்) நிலையையும், ‘லோ’ என்னும் தாழ்ந்த ரேஞ்சையும், மேல்நோக்கித் திறக்கும் திசையையும் தேர்ந்தெடுங்கள். பிறகு சென்சிட்டிவிட்டியை முழுக்கக் குறைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக வாசிக்கும் வலிமையில் ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டே சிறிது சிறிதாக ஏற்றுங்கள். மென்மையாக மீட்டும்போது ஒலி மங்கலாகவும், அழுத்தி மீட்டும்போது மட்டும் பளிச்சென்றும் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடம் மிகக் குறுகியது, குமிழை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் தவறிப்போகும்.

ஃபில்டர் வெட்டும் இடத்தை ஓங்கி ஒலிக்கச் செய்யும் பீக் குமிழைப் பாதிக்கு மேல் கொஞ்சம் வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் சீழ்க்கை ஒலி தலைதூக்கி, பாடலின் மற்றக் கருவிகளோடு மோதும். மூடும் வேகத்தை மாற்றும் வசதி உங்கள் பெடலில் இருந்தால், அதைப் பாடலின் வேகத்தோடு ஒப்பிட்டு அமைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 100 தட்டு உள்ள பாடலில் ஒரு தட்டின் கால் பங்கு 150 மில்லி விநாடிதான். அதற்குள் ஃபில்டர் மூடாவிட்டால் அடுத்த சுரத்துக்கு வாய் திறக்க இடமிராது. பழைய ம்யூ-ட்ரானுக்குள் ஒரு விளக்கும், அதன் ஒளிக்கேற்ப மின்தடை மாறும் கலமும் இருந்தன. அந்தக் கலம் சற்றே தாமதித்து இயங்குவதுதான் அதன் ஒலியில் உள்ள குழைவுக்கு ஒரு காரணம்.

கேள்வி: ஆக்டேவர் தடித்த தந்தியில் தடுமாறி விக்குகிறது. என்ன செய்வது, சார்?

பதில்: விரல் வைக்காமல் மீட்டும் (திறந்த) ஈ தந்தியின், அதாவது மிகத் தடித்த தந்தியின், அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், அதற்கு ஒரு ஸ்தாயி கீழே என்றால் 20.6. அதைப் பிடிக்கப் பெடலும் திணறும், ஒலிக்க ஸ்பீக்கர் பெட்டியும் திணறும், அப்படியே ஒலித்தாலும் காதுக்கு அது சுரமாகத் தெரியாது. எனவே கையை மேலே நகர்த்துங்கள். அடுத்த தந்தியான ஏ தந்தியின் 7ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கோடு) கிடைப்பது 82.4 ஹெர்ட்ஸ் ஈ. அதன் கீழ் ஸ்தாயி உங்கள் திறந்த ஈ தந்தியின் சுரமேதான். ஆக்டேவர் இருக்கும்போது 5ஆம் ஃப்ரெட்டுக்கு மேலேயே சுரவரிசை முழுவதையும் வாசிக்கப் பழகுங்கள். கழுத்தோரப் பிக்அப்பை மட்டும் வைத்து, டோன் குமிழைக் குறைத்துக்கொண்டால் பெடல் சுரத்தை இன்னும் எளிதாகப் பிடிக்கும். பாஸ் (Boss) நிறுவனம் 1982இல் கொண்டுவந்த ஓசி-2 போன்ற அனலாக் ஆக்டேவர்கள் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தை மட்டுமே அறியும். இரண்டு தந்திகள் சேர்ந்து ஒலித்தால் குழம்பும். மினிமூக்கும் ஒற்றைச் சுரக் கருவிதான் என்பதால் இதைக் குறையாக நான் நினைப்பதில்லை.

கேள்வி: பெடல்களை எந்த வரிசையில் இணைப்பது? ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் முதலில் வரவேண்டும் என்கிறார்களே?

பதில்: ஆக்டேவர், ஃபஸ், ஃபில்டர் என்பதே என் வரிசை. ஆக்டேவருக்குத் தூய்மையான ஒற்றைச் சுரம் தேவை, ஆகவே அது முதலில். ஃபஸ் மேல் அதிர்வுகளை நிறையச் சேர்க்கிறது. அவற்றை வெட்டித் திறப்பதுதான் ஃபில்டரின் வேலை. ஃபில்டருக்குப் பின்னால் ஃபஸ்ஸை வைத்தால், வெட்டியெறிந்தவை மீண்டும் முளைத்துவிடும். சிந்தசைசருக்குள்ளும் இதே ஒழுங்குதான்: அலை பிறக்கும் இடம் முன்னே, ஃபில்டர் பின்னே. கம்ப்ரஸரை முன்னால் வைப்பது மற்ற வகை இசைக்குச் சரி, இதற்குச் சரியல்ல. மீட்டும் வலிமையின் ஏற்ற இறக்கத்தை அது சமப்படுத்திவிட்டால் ஃபில்டர் எதைப் பார்த்துத் திறக்கும்? கடைசியில் வையுங்கள்.

கேள்வி: அதே சிக்கல் ஃபஸ்ஸிலும் உண்டே? ஃபஸ்ஸை இயக்கினால் என் ஃபில்டர் அசையவே மறுக்கிறது.

பதில்: நல்ல கேள்வி. ஃபஸ்ஸும் ஏற்ற இறக்கத்தை நசுக்கத்தான் செய்யும். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் க்யூ-ட்ரான் ப்ளஸ் பெடலில் இதற்கென்றே ஓர் எஃபெக்ட்ஸ் லூப் (வேறொரு பெடலை இடையே இணைக்கும் வழி) இருக்கிறது. ஃபஸ்ஸை அந்த லூப்பில் இணைத்தால், கிட்டாரின் தூய சமிக்ஞை ஃபில்டரைத் திறந்து மூடும், ஆனால் ஃபில்டருக்குள் செல்லும் ஒலி ஃபஸ்ஸுடையதாக இருக்கும். அந்த வசதி இல்லாதவர்கள் ப்ளெண்ட் குமிழ் (தூய ஒலியையும் ஃபஸ் ஒலியையும் கலப்பது) உள்ள ஃபஸ்ஸைத் தேர்ந்து, தூய ஒலியைப் பாதியேனும் கலந்துகொள்ளுங்கள். அடித்தளக் கனமும் அதனால் தங்கும்.

கேள்வி: எல்லாம் ஒரே பெட்டியில் கிடைக்காதா?

பதில்: கிடைக்கும். எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸின் பேஸ் மைக்ரோ சிந்தசைசரில் கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி, சதுர அலை, ஃபில்டர் நான்கும் உள்ளன. தனித்தனிப் பெடல்களில் கற்றுக்கொள்வது எளிது என்பது என் கருத்து.

கேள்வி: என்னிடம் பெடலே இல்லை, கணினியில்தான் பதிவு செய்கிறேன்.

பதில்: பதிவு மென்பொருள்கள் பலவற்றிலும் ஆட்டோ ஃபில்டர் இருக்கிறது. லோ-பாஸ் நிலையில், தொடக்க அதிர்வெண்ணை 200 ஹெர்ட்ஸ் அருகிலும், திறக்கும் நேரத்தை 10 மில்லி விநாடி அருகிலும் வைத்துத் தொடங்குங்கள். சரிவை (ஃபில்டர் ஒலியை வெட்டும் கடுமையை) 24 டெசிபல் என்று வைத்தால் மினிமூக் சாயலும், 12 என்று வைத்தால் ம்யூ-ட்ரான் சாயலும் வரும்.

கேள்வி: ஐயா, நீங்கள் சொன்ன கருவிகள் எல்லாம் என்னிடம் உண்டு. ஆயினும் கிட்டார் போலத்தான் கேட்கிறது!

பதில்: சுரம் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். சிந்தசைசரில் விரலை எடுத்தவுடன் சுரம் அறுந்துவிடும். கிட்டாரில் தந்தி தானாக அடங்கும்வரை இழுபடும். இடக்கை விரலின் அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, தந்தியை விட்டு எடுக்காமல் அப்படியே தொட்டுக்கொண்டிருந்தால் சுரம் அந்தக் கணமே நிற்கும். மெட்ரோனோமை (தாளத்தட்டு தரும் கருவி) நிமிடத்துக்கு 90 தட்டில் வைத்து, ஒரே சுரத்தை ஒவ்வொரு தட்டிலும் தொடங்கி, சரியாக அரைத் தட்டில் நிறுத்திப் பழகுங்கள். அடுத்து, சறுக்கல்கள்: ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் மினிமூக்கின் கிளைடு வசதியைப் போலக் கேட்க வேண்டுமானால் மறுபடி மீட்டாமல் ஒரே தந்தியில் விரலை நகர்த்திச் சேரவேண்டிய ஃப்ரெட்டில் நில்லுங்கள். புதுத் தந்திகளின் உலோகக் கணகணப்பும் வேஷத்தைக் கலைத்துவிடும். ஆகையால் ஃப்ளாட்வூண்ட் (மேற்பரப்பு வழவழப்பான) தந்திகளையோ, பழகித் தேய்ந்த தந்திகளையோ போட்டு, பிரிட்ஜை (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதி) விட்டுச் சற்று விலகி விரலின் சதைப்பகுதியால் மீட்டுங்கள்.