பதினாறு கோர் வாங்கும் முன் ஒரு வாரம் பொறுங்கள்

கேள்வி: என்னிடம் ரைசன் 5 5600 பிராசசரும் 32 ஜிபி டிடிஆர்4 ரேமும் உள்ள டெஸ்க்டாப் இருக்கிறது. பகலில் சி++ புரோகிராமிங், வார இறுதியில் வீடியோ எடிட்டிங், இரவில் 1440பி திரையில் கேம். எல்லாமே மெதுவாகத் தெரிகிறது. 16 கோர் ரைசன் 9 9950எக்ஸ் வாங்கிப் போட்டால் பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்கிறான் நண்பன். கொடுக்கும் காசுக்குப் பலன் இருக்குமா?

பதில்: உங்கள் நண்பர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். உங்கள் மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம் (சாக்கெட்) ஏஎம்4 வகை. 9950எக்ஸ் உட்காருவது ஏஎம்5 சாக்கெட்டில். அந்த போர்டுகள் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். பெட்டியில் கூலரும் வராது. 170 வாட் என்று எழுதியிருந்தாலும் முழுச் சுமையில் 230 வாட் வரை இழுக்கும் பிராசசர் அது, 65 வாட் 5600-க்கு வந்த சின்னக் கூலரை அதன் மேல் வைக்க முடியாது. ஆக நீங்கள் விலை பார்க்க வேண்டியது பிராசசர், போர்டு, ரேம், கூலர் நான்கையும் சேர்த்து.

அடுத்தது அந்த ‘எல்லாமே மெதுவாக’. கம்பைலும் (எழுதிய கோடை இயங்கும் புரோகிராமாக மாற்றுவது) கேமும் எடிட்டிங்கும் ஒரே காரணத்தால் மெதுவாவது அபூர்வம். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, லாஜிக்கல் பிராசசர்களைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பிராசசரில் ஆறு கோர் (தனித்தனியாக வேலை செய்யும் அலகு), ஒவ்வொன்றும் இரண்டு த்ரெட் (வேலை வரிசை) ஓட்டும், ஆகப் பன்னிரண்டு கட்டங்கள் வரும். ஒரு வாரம், ‘அட, இன்னும் முடியவில்லையா’ என்று தோன்றும் ஒவ்வொரு முறையும் அதைப் பாருங்கள். பன்னிரண்டும் உச்சியில் நின்றால் அதிக கோர் உதவும். ஒரே ஒரு கட்டம் உச்சியில், மற்றவை தரையில் கிடந்தால், மொத்தப் பயன்பாடு சுமார் 8 சதவீதம் என்றுதான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு ‘பிராசசர் சும்மாதானே இருக்கிறது’ என்று பலர் ஏமாறுகிறார்கள். அப்போதும் உங்களைக் காக்க வைப்பது பிராசசர்தான். ஆனால் வேண்டியது வேகமான ஒரு கோர், கூடுதலாகப் பத்து அல்ல. கட்டங்கள் எல்லாமே தாழ்வாக இருந்தால் ரேம், டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு பக்கம் பாருங்கள்.

கேமைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ரெசல்யூஷனைக் குறைத்து விளையாடிப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டு. எந்தப் பிராசசர் போட்டாலும் பெரிதாக மாறாது. ஏறவே இல்லையென்றால் பிராசசர்தான், ஆனால் அதற்கும் மருந்து 16 கோர் அல்ல. கேம்களுக்குப் பிடித்தது பெரிய கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம். 8 கோர் கொண்ட ரைசன் 7 9800எக்ஸ்3டி-யில் எல்3 கேஷ் 96 எம்பி. 9950எக்ஸில் 64 எம்பி, அதுவும் இரண்டு சில்லுகளில் பாதிப் பாதியாக. அதனால்தான் விலை குறைந்த எட்டு கோர் கேமில் முந்துகிறது. அதே பெரிய கேஷ் வகையான 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி கிடைத்தால், பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு உங்கள் பழைய போர்டிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

வீடியோவில் எங்கே மெதுவாகிறது என்று நீங்கள் எழுதவில்லை. எக்ஸ்போர்ட் என்றால், அது ஓடும்போது நீங்கள் எழுந்துபோய்விடலாம். பத்து நிமிடம் ஆறாகக் குறைந்தால் வாழ்க்கை மாறாது. டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவதுதான் உண்மையான தொல்லை. கேமரா 10-பிட் 4:2:2 எச்.265 என்ற, பிரித்துக் காட்டக் கடினமான வீடியோ வடிவத்தில் பதிவு செய்கிறதா என்று பாருங்கள். அந்த வடிவத்தை வன்பொருளிலேயே பிரித்துக் காட்ட அண்மைக்கால இன்டெல் பிராசசர்களில் உள்ளடங்கிய கிராபிக்ஸுக்குத் தெரியும் (பெயரின் கடைசியில் ‘எஃப்’ உள்ள மாடல்களில் அந்தக் கிராபிக்ஸே கிடையாது, கவனம்). என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. அந்த வசதி இல்லாவிட்டால் பிராசசர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டியதுதான். அப்போது ப்ராக்ஸி ஃபைல் (தரம் குறைத்த இலகுவான நகல்) உருவாக்கி எடிட் செய்யுங்கள், செலவில்லாத வழி.

இனி கம்பைல். உங்கள் கேள்வியில் 16 கோருக்கு உண்மையாக வேலை இருப்பது இங்கேதான், ஆனால் இங்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1967-ல் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் சொன்னது அது: ஒரு வேலையில் பங்கு போட முடியாத பகுதி எவ்வளவோ, அதுதான் கடைசியில் வேகத்தைக் கட்டிப்போடும். உங்கள் பில்டில் (முழு புரோகிராமையும் உருவாக்கும் வேலையில்) 80 சதவீதம் பிரிக்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோரை விட 6 கோர் 3 மடங்கு வேகம் தரும். 16 கோர்? வெறும் 4 மடங்கு. 95 சதவீதம் பிரிக்கக்கூடியது என்றால் கதை வேறு: 6 கோரில் 4.8 மடங்கு, 16 கோரில் 9.1 மடங்கு. நூற்றுக்கணக்கான ஃபைல்களை மொத்தமாகக் கம்பைல் செய்யும் முழு பில்டு இரண்டாவது வகை. இரண்டு ஃபைலைத் திருத்திவிட்டு எல்லாம் லிங்க் ஆவதற்கு (ஒரே புரோகிராமாக இணைவதற்கு) காத்திருப்பது முதல் வகையை விட மோசம். பெரும்பாலான நேரம் ஓரிரு கட்டங்கள்தான் ஓடும். நாளுக்கு நான்கைந்து முறை முழு பில்டு ஓட்டுகிறவருக்கு 9950எக்ஸ் நன்றாகவே வேலை செய்யும். வாரத்துக்கு ஒன்று என்றால், அந்தக் காசுக்கு நீங்கள் வாங்குவது சில நிமிடங்கள்.

புதிய பிராசசரில் ஒவ்வொரு கோரும் உங்களுடையதை விட வேகம் என்பதும் உண்மை. 5600 உச்சத்தில் 4.4 கிகாஹெர்ட்ஸ், 9950எக்ஸ் 5.7, கோரின் வடிவமைப்பும் இரண்டு தலைமுறை முன்னேறியது. ஆனால் எட்டு கோர் 9700எக்ஸும் 5.5 தொடுகிறது. அன்றாடம் விரலுக்குத் தெரியும் சுறுசுறுப்பு ஏறக்குறைய அதிலேயே வந்துவிடும்.

ரேமை மறந்துவிடாதீர்கள். 32 த்ரெட் இருக்கிறதே என்று 32 கம்பைல் வேலைகளை ஒரே நேரத்தில் விட்டால், டெம்ப்ளேட் நிறைந்த சி++ கோடில் ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல் கேட்கும். நானே 16 கோர் இயந்திரத்தில் 32 ஜிபியை வைத்துக்கொண்டு இப்படி ஓட்டி, மவுஸ் கூட நகராமல் கடைசியில் பவர் பட்டனை அழுத்தியிருக்கிறேன். 9950எக்ஸ் என்றால் 64 ஜிபி குறைந்தபட்சம்.

அந்தப் பத்து வருடக் கதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-ல் 16 கோர் த்ரெட்ரிப்பர் 1950எக்ஸ் வந்தபோதும் ஆள் ஆளுக்கு இதையேதான் சொன்னார்கள். 2020-ல் சாதாரண ஏஎம்4 போர்டில் உட்காரும் 5950எக்ஸ் அதே 16 கோருடன் அதைத் தாண்டிப் போனது. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது 1950எக்ஸ் ஆதரவுப் பட்டியலிலேயே இல்லை. எதிர்காலத்துக்கென்று இன்றைக்கே உச்ச மாடலை வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

சரி, உங்களுக்கு என்ன? ஒரு வாரக் கணக்கில் முழு பில்டுதான் உங்கள் நேரத்தைத் தின்கிறது என்று தெரிந்தால், முதலில் பழைய போர்டில் 5950எக்ஸ் போட முடியுமா பாருங்கள். 16 கோர், 105 வாட், இருக்கும் டிடிஆர்4 ரேமே பொருந்தும் (32 ஜிபிதான் என்பதால் ஒரே நேரத்தில் ஓடும் கம்பைல் வேலைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்); போர்டு தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலை மட்டும் சரிபார்த்துவிட்டு நல்ல கூலர் ஒன்று வாங்குங்கள். கட்டங்களில் ஒன்றிரண்டுதான் உச்சிக்குப் போகிறது என்றால் ஏஎம்5 போர்டில் 9700எக்ஸ். ஏஎம்5-ஐ 2027-க்கும் அப்பால் ஆதரிப்பதாக ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லியிருக்கிறது, பின்னால் பெரிய பிராசசர் மாற்ற இடம் இருக்கும். கேம்தான் உறுத்துகிறது என்றால் காசு கிராபிக்ஸ் கார்டுக்கோ எக்ஸ்3டி மாடலுக்கோ போகட்டும்.

இத்தனைக்கும் பிறகு 9950எக்ஸ்தான் என்று முடிவானால், ரேமை இரண்டே ஸ்டிக்காக வாங்குங்கள். இரண்டு ஸ்டிக்குக்கு ரேமின் அதிகாரபூர்வ வேகம் நொடிக்கு 5600 மெகாட்ரான்ஸ்ஃபர். நான்கு போட்டால் 3600-க்கு இறங்கிவிடும். அப்புறம், பயாஸில் எக்கோ மோடை (பிராசசர் இழுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் வசதி) 105 வாட்டில் வைத்து ஒரு முழு பில்டை ஓட்டி நேரம் பாருங்கள். இழப்பு நீங்கள் பயப்படுவதை விடக் குறைவாக இருக்கும், கூலரின் சத்தமும் அடங்கும்.