ஜூலையில் புல் மஞ்சளானால் உரம் போடலாமா?

கேள்வி: ஃப்ளோரிடாவில் கிளியர்வாட்டர் பக்கம் வீடு வாங்கி ஒரு வருடம் ஆகிறது. புல்தரை மஞ்சளாகிவிட்டதென்று வீட்டு உரிமையாளர் சங்கம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. புல் வெட்ட வருபவர், "எனக்கு லைசென்ஸ் இருக்கிறது, மெதுவாகக் கரையும் உரம்தான், போட்டுவிடுகிறேன்" என்கிறார். மழைக்காலத்தில் போடவே கூடாது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எது சரி?

பதில்: பக்கத்து வீட்டில் சொன்னதுதான் சரி. உங்கள் ஊர் பினெல்லாஸ் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. அங்கே ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை நைட்ரஜனோ பாஸ்பரஸோ உள்ள உரத்தைப் புல்லுக்குப் போடக் கூடாது. தினமும் மத்தியானம் கொட்டுகிற மழை உரத்தைக் கரைத்துத் தெருவோர வடிகாலில் தள்ளிவிடும். அந்தத் தண்ணீர் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கடலுக்குப் போகிறது. அங்கே பாசி பெருகி, கடற்புல்லுக்கு வெளிச்சம் கிடைக்காமல் போகிறது. 2021-ல் ஃப்ளோரிடாவில் 1,100 கடற்பசுக்களுக்கு மேல் செத்தன. கிழக்குக் கரைக் காயலில் கடற்புல் அழிந்து, தின்ன எதுவும் இல்லாமல் பட்டினியால் செத்தவை அதில் ஏராளம்.

இப்போது அந்த லைசென்ஸ் விஷயம். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. லைசென்ஸ் என்பது உரம் போடும் முறையைக் கற்றவர் என்பதற்கான சான்று, தடையிலிருந்து விலக்கு அல்ல. மெதுவாகக் கரையும் உரமும் நைட்ரஜன்தான். சிலர் உரம் என்ற பேச்சையே எடுக்காமல், பில்லில் 'களை மருந்து' என்று எழுதிவிட்டு உரம் கலந்த களைக்கொல்லியைத் தூவிவிட்டுப் போவார்கள். மூட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அதில் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவைக் காட்டும் மூன்று எண்கள் அந்த வரிசையில் இருக்கும். முதல் இரண்டும் பூஜ்யமாக இருந்தால்தான் சரி. காட்டத் தயங்கினால் அவர் வேண்டாம்.

முதலில் மஞ்சளுக்குக் காரணம் பாருங்கள். வெயில் படும் ஓரங்களில் திட்டுத் திட்டாகக் காய்ந்தால் பெரும்பாலும் சிஞ்ச் பக் என்ற பூச்சி. அதற்கு உரம் போட்டால் இன்னும் மோசமாகும். பரவலாக வெளிறியிருந்தால் இரும்புச் சத்து மட்டும் கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை. சிமெண்ட் தரையில் பட்டால் துருக்கறை பிடிக்கும், கவனம். ஊதாக் குழாயில் வரும் மறுசுழற்சி நீரைப் பாய்ச்சுகிறீர்களா? அதிலேயே நைட்ரஜன் இருக்கிறது.

காய்கறித் தோட்டத்துக்கு விலக்கு உண்டு. நம்மவர்கள் உடனே இதைத்தான் கேட்பார்கள். கத்தரி, வெண்டைப் பாத்திக்கு உரம் போடலாம், ஆனால் பாத்தி நீர்நிலையை ஒட்டி இருக்கக் கூடாது. பாத்தி என்றால் பாத்திதான். நாலு தக்காளிச் செடியைக் காட்டிவிட்டு, அதைச் சுற்றியுள்ள புல்லுக்கும் சேர்த்து வீசினால் அது மீறல்தான்.

சங்கத்துக்கு எழுத்தில் பதில் கொடுங்கள்: கவுன்ட்டி விதிப்படி செப்டம்பர் 30 வரை உரமிட முடியாது என்று. ஒரு பக்கம் கவுன்ட்டி போடாதே என்கிறது, இன்னொரு பக்கம் சங்கம் பச்சையாக்கு என்கிறது. நடுவில் மாட்டுவது வீட்டுக்காரர். வீட்டுப் புல்லைவிடப் பெரிய மாசும் உண்டு: 2021-ல் பைனி பாயிண்ட் பழைய உர ஆலைக் குட்டையிலிருந்து 20 கோடி காலனுக்கு மேல் கழிவுநீர் டாம்பா வளைகுடாவில் விடப்பட்டது. அதை நினைத்தால் எனக்கும் கோபம் வருகிறது. ஆனாலும் உங்கள் மூட்டை உங்கள் கையில்.

அக்டோபரில் மண்ணைப் பரிசோதியுங்கள். பல்கலைக்கழக விரிவாக்க மையத்தில் செலவு அதிகமில்லை. பரிசோதனையில் குறை என்று வந்தால் ஒழிய பாஸ்பரஸ் எந்த மாதமும் கூடாது. குளம், கால்வாய் இருந்தால் கரையிலிருந்து 10 அடி விட்டுவிடுங்கள்.