போன் பிரமாதம், ஆப் இருக்கிறதா?

கேள்வி: ஏழு வருடமாக ஆண்ட்ராய்டு வைத்திருக்கிறேன். கூகுள் சேவைகள் இல்லாமல், சொந்த ஆப் ஸ்டோரோடு வரும் ஒரு போனில் இப்போது மனம் போகிறது. கேமரா, பேட்டரி இரண்டும் அருமை, விலையும் குறைவு. "ஆப் கிடைக்காமல் திண்டாடுவாய்" என்கிறார் நண்பர். போன் நன்றாக விற்றால் ஆப்களும் பின்னாலேயே வந்துவிடாதா?

பதில்: இதே நம்பிக்கையில்தான் 2010-க்குப் பிறகு பலர் மைக்ரோசாப்டின் விண்டோஸ் போன் வாங்கினார்கள். போனைக் குறை சொல்ல முடியாது. வேகமாக ஓடியது, நோக்கியாவின் நல்ல கேமராவும் இருந்தது. ஆப்கள்தான் வந்து சேரவில்லை. ஐபோனில் 2010-லும் ஆண்ட்ராய்டில் 2012-லும் வந்துவிட்ட இன்ஸ்டாகிராம், அங்கே 2013 கடைசியில்தான் எட்டிப் பார்த்தது, அதுவும் பீட்டாவாக, அதாவது சோதனைப் பதிப்பாக. ஸ்னாப்சாட் வரவே இல்லை. யூடியூபுக்கு மைக்ரோசாப்டே ஒரு ஆப் எழுதிப் பார்த்தது. கூகுள் அதை முடக்கிவிட்டது. போட்டியாளரின் ஆப்பை நம்பிப் போன் விற்க வேண்டிய நிலை என்றால் வேறென்ன நடக்கும்?

ஆப்பை ஒருமுறை எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு அப்டேட்டையும் அந்தத் தளத்துக்காகத் தனியாகச் செய்து சோதிக்க வேண்டும். நாலு பேர் வைத்திருக்கும் போனுக்கு யார் அந்தச் செலவைச் செய்வார்கள்? ஆப் இல்லாவிட்டால் அந்த நாலு பேர் நாற்பது பேராக ஆவதும் இல்லை. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். மைக்ரோசாப்டின் பணத்தாலேயே இந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை.

கூகுள் இல்லாத போனில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2019-இல் அமெரிக்கத் தடைக்குப் பின் வந்த ஹுவாவே போன்களில் கூகுள் சேவைகள் இல்லாமல் போயின. ஆப் ஃபைலை வேறு வழியில் இறக்கி நிறுவலாம், சரி. ஆனால் பல ஆப்கள் மேப்புக்கும் நோட்டிஃபிகேஷனுக்கும் கூகுளின் சேவைகளைத்தான் நம்பியிருக்கின்றன. அதனால் ஆப் திறக்கும், மெசேஜ் வந்தது மட்டும் தெரியாது. சில வங்கி ஆப்கள் திறக்கவே மறுக்கும்.

ஆகவே "லட்சக்கணக்கான ஆப்கள்" என்ற விளம்பரத்தை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது பத்துப் பதினைந்துதான். போன மாதம் நீங்கள் திறந்த ஆப்களை எழுதிக்கொண்டு, அந்த ஸ்டோரில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். வெளியிட்டவர் அசல் நிறுவனம்தானா, கடைசி அப்டேட் எப்போது என்று பாருங்கள். ஒரு வருடமாக அப்டேட் இல்லையென்றால் அதை இல்லாத கணக்கில் சேர்க்கலாம். செய்தி, ஷாப்பிங் போன்றவற்றுக்கு பிரவுசரே போதும். வங்கி ஆப் ஓடுமா என்பதை மட்டும் வாங்கும் முன்பே வங்கியிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், ப்ளே ஸ்டோரில் காசு கொடுத்து வாங்கிய ஆப்கள் புதிய போனுக்குக் கூடவே வராது. அங்கே கட்டும் மாதச் சந்தாவும் போனை மாற்றியதால் தானாக நிற்காது. பழைய போனைக் கொடுக்கும் முன் நீங்களே ரத்து செய்துவிடுங்கள்.