உப்புக்காற்றில் யூனிக்ஸ்

கேள்வி: இருபது வருடமாக யூனிக்ஸ் இயங்குதளத்தில்தான் வேலை. ஓய்வு பெற்று, ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊரான மண்டபத்துக்கே வந்துவிட்டேன். வீட்டுக்கு ஆப்பிளின் மேக் மினி வாங்கவா, யூனிக்ஸ் மாதிரியான லினக்ஸ் போட்ட பிசியா?

பதில்: மேக்கில் ஓடும் மேக்ஓஎஸ் 2007-லேயே முறைப்படி யூனிக்ஸ் சான்று வாங்கியது, கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்தால் கை தானாக ஓடும், அதில் குறையில்லை. ஆனால் இப்போதைய மேக் மினியில் ரேமை அப்புறம் கூட்ட முடியாது. அதோடு உப்புக்காற்று போர்டையே அரிக்கும் ஊரில், ஒரு பாகம் போனால் அதை மட்டும் ராமநாதபுரம் கடையில் மாற்றிக்கொள்ளக்கூடிய பிசிக்குத்தான் என் ஓட்டு. இன்டெல், ஏஎம்டி எதுவானாலும் பிராசஸரோடு வரும் கிராபிக்ஸ் போதும், அதற்கான டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. லினக்ஸில் டெபியன் வகையைப் போடுங்கள். யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி மேல் ஆசையா? சரி, அதில் வைஃபையை நம்பாமல் கேபிள் இழுத்துவிடுங்கள். பெட்டியை மட்டும் கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள்.